பொறுமை வேறு, வலி வேறு: மரணப் படுக்கையில் இஸ்லாமிய அறம்

மரக்காணத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் நின்று பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் உப்புப் பாத்திகள். ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் கழுவெளி, நடுவே பக்கிங்காம் கால்வாய் வந்து சேரும் உவர்நிலம். தூத்துக்குடிக்கும் வேதாரண்யத்துக்கும் அடுத்தபடியாகத் தமிழ்நாட்டில் உப்பு விளையும் பெரிய இடம் இதுதான். கோடை வெயிலில் பாத்தி மிதித்து, உப்பை வாரிக் குவிக்கிறவர்களின் பாதங்களைப் பார்த்தால் வெடிப்பு வெடிப்பாக இருக்கும். அந்த வெடிப்புக்குள் உப்புநீர் இறங்கினால் எரியாதா என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும்: “பழகிப் போச்சு.”

உழைக்கும் மக்களின் இந்தச் சொல்லுக்கு முஸ்லிம் வீடுகளில் துணையாக இன்னொரு சொல் உண்டு: “ஸபூர் செய்யுங்க.” பொறுத்துக்கொள்ளுங்கள் என்று பொருள். இரண்டும் மனிதரைத் தாங்கிப் பிடிக்கிற சொற்கள். ஆனால் புற்றுநோய் எலும்பில் இறங்கிவிட்ட ஒருவரின் படுக்கையருகே நின்று இவற்றைச் சொல்லும்போது என்ன ஆகிறது? அந்த வலி பழகுவதில்லை. நாளுக்கு நாள் ஏறுகிறது.

ஒரு வீட்டை எண்ணிக்கொள்வோம். இது குறிப்பிட்ட எவருடைய கதையும் இல்லை, இந்தக் கரையில் எந்தத் தெருவிலும் நடக்கக்கூடியது. வாய்ப்புற்று முற்றிய ஒரு பெரியவர். மருத்துவமனையில், இனி குணப்படுத்த முடியாது, வீட்டுக்குக் கொண்டுபோய் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி மார்ஃபின் மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். மகள் தண்ணீரும் மாத்திரையுமாக வந்து நிற்கிறாள். “அத்தா, இதைப் போட்டுக்குங்க.” அவர் தலையை அசைத்து மறுக்கிறார். “போதை மாத்திரைம்மா. கலிமா சொல்ற நேரத்துல புத்தி தடுமாறிடக் கூடாது.”

அவருடைய அச்சம் உண்மையானது, அவருடைய ஈமானிலிருந்து பிறந்தது. அதை அறியாமை என்று தள்ளிவிட யாருக்கும் உரிமையில்லை. அதற்கு இஸ்லாமிய மரபு என்ன பதில் வைத்திருக்கிறது என்று தேடிப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

மருத்துவம் செய்துகொள்வது கடமையா?

நோய்க்கு மருந்து செய்துகொள்ளலாமா என்று கிராமத்து அரபிகள் நபியவர்களிடமே கேட்டிருக்கிறார்கள். செய்துகொள்ளுங்கள், முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் அல்லாஹ் மருந்தை வைத்திருக்கிறான் என்ற கருத்தில் அவர்கள் பதில் சொன்னதாக நபிமொழித் தொகுப்புகளான அபூதாவூதும் திர்மிதீயும் பதிவு செய்கின்றன. அதே நபியவர்களிடம் வலிப்பு நோயால் துன்புற்ற ஒரு பெண் வந்தார். பொறுத்துக்கொண்டால் சுவனம், விரும்பினால் குணமாக துஆச் செய்கிறேன் என்று இரண்டு வழிகளை அவருக்கு முன் வைத்தார்கள். அந்தப் பெண் பொறுமையைத் தேர்ந்தார். வலிப்பின்போது ஆடை விலகாதிருக்க மட்டும் துஆக் கேட்டார். புகாரீயிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது.

இத்தகைய செய்திகளைச் சேர்த்து வைத்துத்தான் ஃபிக்ஹ் எனும் இஸ்லாமியச் சட்டவியலின் அறிஞர்கள் முடிவுக்கு வந்தார்கள். தமிழகக் கடற்கரையில் பழவேற்காடு முதல் காயல்பட்டினம் வரை மரக்காயர்களிடம் வேரூன்றியிருப்பது ஷாஃபி மத்ஹப் என்னும் சட்ட மரபு. அதில் மருத்துவம் செய்துகொள்வது விரும்பத்தக்கது. உள்நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் அது ஆகுமானது. மருந்தை மறுத்து ஒருவர் இறந்தால் அவர் பாவியாக மாட்டார், ஆனால் உணவை மறுத்து இறந்தால் பாவியாவார் என்று ஹனஃபி தீர்ப்புத் தொகுப்பான ஃபதாவா ஆலம்கீரி பிரித்துக் காட்டுகிறது.

இமாம் கஸ்ஸாலி இதை மேலும் நுணுக்கிப் பார்த்தார். துன்பம் நீக்கும் வழிகளை அவர் மூன்றாகப் பகுத்தார். தாகத்துக்குத் தண்ணீர் போலப் பலன் உறுதியானவை ஒன்று. பலன் கிடைக்கக்கூடும் என்று கணிக்கப்படும் சாதாரண மருந்துகள் இரண்டு. பலன் வெறும் ஊகமாக இருப்பவை மூன்று. முதல் வகையைக் கைவிடுவதற்கு அல்லாஹ்வின் மேல் வைக்கும் நம்பிக்கை காரணமாகாது என்றார். உயிருக்கு ஆபத்து இருக்கும்போது அந்த வழியை விடுவது தவறாகும்.

கஸ்ஸாலிக்கு ஏறக்குறைய ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பிறகு இஸ்லாமிய நாடுகளின் கூட்டமைப்பைச் சேர்ந்த சர்வதேச ஃபிக்ஹ் பேரவை 1992-இல் ஜித்தாவில் கூடியபோது இதே பாதையில் நடந்தது. சிகிச்சை பெறாவிட்டால் உயிரோ உறுப்போ போகும் அல்லது நோய் பிறருக்குத் தொற்றும் என்றால் சிகிச்சை கடமை. மற்ற நிலைகளில் விரும்பத்தக்கது அல்லது ஆகுமானது என்று அது வரையறுத்தது.

இதில் நமக்கு வேண்டிய பாடம் ஒன்று. குணமாக்கும் மருந்தின் பலன் நிச்சயமில்லாதபோது அதை மறுக்க நோயாளிக்கு இடமுண்டு. வலிநீக்கும் மருந்தின் நிலை வேறு. சரியான அளவில் கொடுத்தால் பெரும்பாலானவர்களுக்கு அது வேலை செய்யும் என்பது அனுபவம் நிறுவிய உண்மை. கஸ்ஸாலியின் பகுப்பில் வைத்தால் அது தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பதன் பக்கமே நெருங்கி நிற்கிறது என்பது என் கருத்து.

வலி பாவத்தைக் கழுவும் என்றால்?

ஒரு முஸ்லிமுக்கு முள் குத்தினாலும் அதற்காக அவனுடைய பாவங்கள் மன்னிக்கப்படுகின்றன என்ற நபிமொழியை அறியாத முஸ்லிம் வீடு இல்லை. ஐயூப் நபியின் வரலாற்றைக் கேட்டு வளராத பிள்ளையும் இல்லை. அப்படியானால் வலியை நீக்குவது அந்த நன்மையைக் கெடுப்பதாகாதா என்று நல்ல மனிதர்கள் கேட்கிறார்கள்.

ஐயூப் நபி என்ன செய்தார் என்பதைப் பார்க்க வேண்டும். தனக்குத் துன்பம் நேர்ந்துவிட்டது என்று இறைவனிடமே முறையிட்டார். இறைவன் அவருடைய துன்பத்தை நீக்கினான். பொறுமைக்கு உவமையாகக் குர்ஆன் காட்டும் நபியே வலி நீங்க வேண்டியவர்தான். முறையிடுவதும் நிவாரணம் தேடுவதும் பொறுமைக்கு எதிரானவை என்றால் அவர் பொறுமையாளராக இருக்க முடியாது.

உர்வா இப்னு ஸுபைரின் கதையையும் பயான்களில் அடிக்கடி கேட்கிறோம். காலில் அழுகல் ஏறி அதைத் துண்டிக்க வேண்டியிருந்தபோது அறிவை மயக்கும் மருந்தை அவர் மறுத்தார், இறைவனை நினைத்தபடியே தாங்கினார் என்பது வரலாறு. உயர்ந்த நிகழ்ச்சி. ஆனால் அது ஒரு தாபிஈ (நபித்தோழர்களுக்கு அடுத்த தலைமுறையினர்) தனக்காகத் தானே எடுத்த முடிவு. அவருக்கு அந்த மருந்தைக் கொடுக்க முன்வந்தவர்களை யாரும் பாவிகள் என்று சொல்லவில்லை. தன் உடம்பின் வலியை ஒருவர் தாங்கத் தீர்மானிக்கலாம். இன்னொருவர் தாங்க வேண்டும் என்று தீர்மானிக்க நமக்கு அதிகாரமில்லை.

குர்ஆன் நோயாளிக்கு நோன்பில் சலுகை கொடுக்கிறது, உங்களுக்கு எளிதையே இறைவன் விரும்புகிறான் என்ற கருத்தை அதே இடத்தில் சொல்கிறது. ஃபிக்ஹின் ஐந்து பெருவிதிகளில் ஒன்று சிரமம் சலுகையைக் கொண்டுவரும் என்பது. இன்னொன்று தீங்கு நீக்கப்பட வேண்டும் என்பது. வலிக்கு இந்த விதிகள் பொருந்தாது என்று எந்த அறிஞரும் விதிவிலக்குச் சொன்னதாக நான் அறியவில்லை.

அறிவை மயக்கும் மருந்து

இனி பெரியவரின் கேள்விக்கு வருவோம். போதை தருவது ஹராம். மது மருந்தாகாது, அதுவே ஒரு நோய் என்று நபியவர்கள் சொன்னதாக முஸ்லிமில் பதிவுண்டு. மார்ஃபின் அபினிலிருந்து வருவது. அப்படியிருக்க அது எப்படி ஆகும்?

இந்தக் கேள்வி மார்ஃபினுக்கு முன்பே கேட்கப்பட்டுவிட்டது. 1277-இல் மறைந்த இமாம் நவவி ஷாஃபி மத்ஹபின் தூண்களில் ஒருவர். அழுகிய கையைத் துண்டிக்கும்போது அறிவை நீக்கும் மருந்து தேவைப்பட்டால் கொடுக்கலாமா என்பது அவர் காலத்தில் விவாதிக்கப்பட்டது. கொடுக்கலாம் என்பதே சரியான கருத்து என்று அவர் தீர்ப்பளித்தார். திரவ மதுவையும் அபின், கஞ்சா போன்ற செடிப் பொருள்களையும் அறிஞர்கள் வேறுபடுத்தினார்கள். மது அசுத்தமும் ஆகும், செடிப் பொருள்கள் அசுத்தமில்லை. செடிப் பொருளைப் போதைக்காக உண்பது ஹராம், மருந்துக்கு வேண்டிய அளவு ஆகுமானது என்பது பொதுவான முடிவு.

16-ஆம் நூற்றாண்டில் மக்காவில் வாழ்ந்த இப்னு ஹஜர் அல்ஹைதமீ அபின் பழக்கத்தைக் கடுமையாகக் கண்டித்தவர். அவருடைய நூல்கள் ஷாஃபி மத்ஹபின் ஆதார நூல்களாக இன்றுவரை இருக்கின்றன. அவரிடமே ஒரு கேள்வி வந்தது. அபினுக்கு அடிமையாகி, நிறுத்தினால் செத்துவிடுவான் என்ற நிலையில் இருப்பவன் என்ன செய்ய வேண்டும்? உயிர் காக்கும் அளவுக்கு அவன் உண்ணலாம், உண்ணவே வேண்டும், பிறகு சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும் என்று அவர் சொன்னார். போதையை வெறுத்த ஒரு சட்ட அறிஞரிடம் மருத்துவரின் கண்ணும் இருந்தது என்பதை இந்த ஒரு தீர்ப்பே காட்டும்.

மருத்துவர்களின் பக்கம் பார்த்தால் இப்னு ஸீனா கானூன் என்ற தம் மருத்துவ நூலில் வலியை 15 வகையாகப் பகுத்து எழுதினார். அபினின் பலனையும் ஆபத்தையும் சேர்த்தே சொன்னார். 1284-இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய மன்ஸூரி மருத்துவமனை வக்பு சொத்தின் வருமானத்தில் நடந்தது. இனம், ஆண் பெண் என்ற வேறுபாடில்லாமல் அங்கே நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள்.

ஆக நவவியின் வழியில் நடக்கும் ஒரு ஆலிம்சா நம் பெரியவரிடம் சொல்லக்கூடியது இது: தேவைக்கு, தேவையான அளவு, தகுதியான மருத்துவரின் சொல்படி என்றால் இந்த மாத்திரை உங்களுக்கு ஹராமில்லை.

மாத்திரையை அறிந்துகொள்வோம்

சட்டம் தெளிவானாலும் அச்சம் போகாது. மருந்தைப் பற்றித் தெரிந்தால்தான் போகும்.

உலக சுகாதார நிறுவனம் 1986-இல் புற்றுவலிக்கு மூன்று படிகள் கொண்ட முறையை வகுத்தது. முதல் படியில் பாராசிட்டமால் போன்றவை. நடுப்படியில் லேசான அபின் வகை. மேல்படியில் மார்ஃபின். கூடிய வரை வாய்வழி கொடுக்க வேண்டும், கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பவை இதன் அடிப்படை. சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வேலை ஏறக்குறைய 4 மணி நேரம். அதனால்தான் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கிறார்கள். வலி வரும் வரை காத்திருந்து கொடுப்பது தவறு. வலி தலைதூக்கும் முன்பே அடுத்த வேளை உள்ளே போயிருக்க வேண்டும்.

முதல் இரண்டு மூன்று நாள் தூக்கக் கலக்கமும் குமட்டலும் வரலாம். பெரும்பாலும் அவை தாமாகவே விலகும். மலச்சிக்கல் மட்டும் விலகாது. ஆகவே முதல் நாளிலிருந்தே மலமிளக்கி சேர்த்துக் கொடுக்க வேண்டும். வலிக்காக அளவறிந்து மார்ஃபின் எடுப்பவர்கள் போதைக்கு அடிமையாவது அரிது. மருத்துவர் சொல்படி அளவை மெல்ல மெல்ல ஏற்றினால் மூச்சு அடங்கிவிடுவதும் அரிது.

புத்தி தடுமாறும் என்ற அச்சத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. தீராத வலியே புத்தியைத் தின்கிறது. இரண்டு இரவு தூங்காமல், பல்லைக் கடித்து, சுவரைப் பார்த்துக் கிடக்கிறவரால் ஃபாத்திஹா சூராவைக்கூடக் கோவையாக ஓத முடியாது. வலி தணிந்தபின் எழுந்து உட்கார்ந்து, பேரனைக் கூப்பிட்டுப் பேசி, திக்ரு செய்கிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். தொழுகைக்கும் கலிமாவுக்கும் அறிவு தேவை என்பதால்தான் மருந்தை மறுக்கிறோம் என்றால், அதே காரணத்துக்காகத்தான் மருந்தை எடுக்கவும் வேண்டும்.

இதைக் கடந்து கடினமான ஒரு நிலை உண்டு. எந்த மருந்தாலும் தணியாத வேதனையில், கடைசி நாட்களில் மயக்கத்தில் ஆழ்த்துவதே வழியாக மிஞ்சும்போது என்ன செய்வது? அறிஞர்களிடையே இதில் ஒரே குரல் இல்லை. அறிவைக் காப்பது ஷரீஅத்தின் ஐந்து நோக்கங்களில் ஒன்று என்பதால் பலர் தயங்குகிறார்கள். வேறு வழி இல்லாதபோது, நோயாளியின் சம்மதத்தோடு, வேதனை தணியும் அளவுக்கு மட்டும் செய்யலாம் என்பாரும் உண்டு. எப்படியானாலும் அதற்கு முன்பே அவர் பேச வேண்டியதைப் பேசி, ஒப்படைக்க வேண்டியதை ஒப்படைக்க நேரம் தரப்பட வேண்டும்.

கொல்லவும் கூடாது, இழுக்கவும் வேண்டாம்

வேதனைக்கு முடிவு கட்டுவதற்காக உயிரை எடுப்பதை இஸ்லாம் ஏற்பதில்லை. காயத்தின் வலி தாங்காமல் தன்னையே மாய்த்துக்கொண்ட மனிதனைப் பற்றிய நபிமொழிகள் கடுமையானவை. துன்பம் வந்ததற்காகச் சாவை ஆசைப்படவும் கூடாது. சொல்லியே ஆக வேண்டுமென்றால், வாழ்வு நலமாக இருக்கும் வரை வாழ வை, மரணம் நலமானால் மரணத்தைத் தா என்ற கருத்தில் இறைவனிடம் கேட்கக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. 1981-இல் குவைத்தில் வெளியான இஸ்லாமிய மருத்துவ அறநெறிக் கோவை கருணைக் கொலையை மறுத்தது. ஆனால் அதே கோவை, மீள வழியில்லாத நோயாளியின் உடலைச் சாதனங்களால் இழுத்துப் பிடிப்பது வீண் என்றும் மருத்துவருக்குச் சொன்னது.

செயல்கள் நோக்கத்தைக் கொண்டே அளக்கப்படும் என்பது ஐந்து பெருவிதிகளில் முதலாவது. வலி தணிக்கும் நிய்யத்தில், அதாவது நோக்கத்தில், தேவையான அளவு மருந்து கொடுத்து, அதன் பக்கவிளைவாக உயிர் சற்று முன்னதாகப் பிரிந்தாலும் அது கொலையாகாது. கொல்லும் நிய்யத்தில் கொடுத்தால் ஒரே மருந்து, ஒரே ஊசி, ஆனாலும் கொலை. 1957-இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ் மருத்துவர்களுக்குச் சொன்னதும் ஏறக்குறைய இதுவே. 2019 அக்டோபரில் வத்திக்கானில் யூத, கிறிஸ்தவ, இஸ்லாமியப் பிரதிநிதிகள் கூட்டாகக் கையொப்பமிட்ட அறிக்கை கருணைக் கொலையை மறுத்து, வலிதணிப்புப் பராமரிப்பை எங்கும் கிடைக்கச் செய்யக் கோரியது.

சாதனங்களை நீக்குவது பற்றிய முடிவுகளும் மெல்லத் தெளிவடைந்தன. சர்வதேச ஃபிக்ஹ் பேரவை 1986-இல் அம்மானில் கூடியபோது, மூளையின் இயக்கம் மீளமுடியாதபடி முற்றிலும் நின்றுவிட்டால் அதுவும் மரணமே என்று ஏற்று, கருவிகளை எடுக்க அனுமதித்தது. மக்காவின் ஃபிக்ஹ் பேரவை 1987-இல் கருவிகளை எடுக்கலாம் என்றது, ஆனால் இதயமும் மூச்சும் நின்ற பிறகே மரணம் என்று கொள்ள வேண்டும் என்றது. சவூதி அரேபியாவின் நிலையான ஃபத்வா குழு, நம்பத்தக்க 3 மருத்துவர்கள் பயனில்லை என்று முடிவு செய்தால் இதயத்தை மீட்டெழுப்பும் முயற்சியைத் தவிர்க்கலாம் என்று தீர்ப்பளித்தது. கருத்து வேறுபாடு மரணத்தின் இலக்கணத்தைப் பற்றியது. போகிற உயிரை இயந்திரத்தால் இழுத்துப் பிடிக்க வேண்டும் என்ற கட்டாயத்தை இவர்களில் எவரும் வைக்கவில்லை.

இந்தியச் சட்டமும் இதற்கு அருகில் வந்திருக்கிறது. 42 ஆண்டுகள் நினைவின்றிக் கிடந்த மும்பைச் செவிலியர் அருணா ஷான்பாக் வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம் கதவைச் சற்றே திறந்தது. 2018 மார்ச் 9 அன்று காமன் காஸ் வழக்கில், மீளமுடியாத நிலையில் செயற்கை உயிர்காப்பை மறுக்கும் உரிமையையும், அதை முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையையும் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஏற்றது. 2023 ஜனவரியில் நடைமுறை எளிதாக்கப்பட்டது. நோட்டரி அல்லது அரசிதழ் அதிகாரி முன்னிலையில் எழுதலாம், 3 பேர் கொண்ட இரண்டு மருத்துவக் குழுக்கள் கூடிய வரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். ஊசி போட்டு உயிரை எடுப்பது இன்றும் குற்றமே. ஒரு முஸ்லிம் தன் மார்க்கத்தோடு முரண்படாமலே இந்தச் சட்டத்தைப் பயன்படுத்த முடியும்.

சோறு, தண்ணீர், உண்மை

வென்டிலேட்டரை விட நம் வீடுகளில் பெரிய போராட்டம் கஞ்சியைச் சுற்றி நடக்கிறது. சாப்பிடாமல் கிடக்கிறாரே என்று வாயைத் திறந்து ஊட்டுகிறோம். புரை ஏறுகிறது. உடல் அணைந்துகொண்டிருக்கும்போது பசி போய்விடுகிறது. பட்டினியால் அவர் சாகவில்லை, சாவு நெருங்குவதால் பசி அடங்குகிறது. நோயாளியைச் சாப்பிடச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்ற கருத்தில் ஒரு நபிமொழியை திர்மிதீயும் இப்னு மாஜாவும் பதிவு செய்துள்ளன. உணவும் தண்ணீரும் அடிப்படை உரிமை, அவற்றைத் தடுக்கக் கூடாது என்பதில் அறிஞர்கள் உறுதியானவர்கள். குழாய்வழி உணவு மருத்துவமா அடிப்படைப் பராமரிப்பா என்பதில்தான் விவாதம். இதில் மருத்துவர் சொல்வதைக் கேட்டு, நோயாளிக்குத் துன்பம் கூடாதபடி முடிவெடுப்பதே முறை.

நபியவர்களின் கடைசி நோயைப் பற்றி ஆயிஷா நாயகி சொன்ன மூன்று காட்சிகளை இங்கே நினைக்க வேண்டும். வேண்டாம் என்று சைகை செய்தும் வீட்டார் அவர்களின் வாயோரத்தில் மருந்தை ஊற்றிவிட்டார்கள். தெளிந்ததும் அவர்கள் அதைக் கண்டித்தார்கள். நோயாளிக்கு மருந்து பிடிக்காது, அதனால்தான் மறுக்கிறார் என்று வீட்டார் எண்ணிக்கொண்டதை அவர்கள் ஏற்கவில்லை. இரண்டாவது, அருகிலிருந்த பாத்திரத்துத் தண்ணீரில் கையை நனைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். மூன்றாவது, உள்ளே வந்தவரின் கையிலிருந்த மிஸ்வாக் குச்சியை அவர்கள் பார்த்த பார்வையைக் கவனித்து, வேண்டுமா என்று கேட்டு, தலையசைப்பைப் பெற்று, மென்று மிருதுவாக்கிக் கொடுத்தார் ஆயிஷா நாயகி.

பார்வையைக் கவனித்தல், சம்மதம் கேட்டல், வாயை ஈரமாகவும் சுத்தமாகவும் வைத்தல். வலிதணிப்புச் செவிலியர் இன்று கற்பிக்கும் பாடமும் இவைதான். நினைவிழந்தவரின் வாயில் ஜம்ஜம் தண்ணீரை ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போகக்கூடும். பஞ்சை நனைத்து உதட்டையும் நாக்கையும் துடைத்தால் போதும். கலிமாவை அவர் காதருகே மெல்லச் சொன்னால் போதும், திரும்பத் திரும்பச் சொல்லும்படி நெருக்க வேண்டாம் என்றும் அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் படுத்துத் தொழலாம். தண்ணீர் பட முடியாதவருக்குத் தயம்மும் எனும் மண்ணால் செய்யும் தூய்மை. மூத்திரக் குழாய் போட்டிருப்பவருக்கும் தொழுகைக்கு வழி சொல்லப்பட்டிருக்கிறது.

இன்னொன்று உண்மை. நோயின் பெயரையே நோயாளியிடம் மறைக்கும் வழக்கம் நம்மிடம் வலுவாக இருக்கிறது. ஆனால் சொத்தோ பொறுப்போ உள்ள முஸ்லிம் வஸிய்யத் (உயில்) எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிக்கக் கூடாது என்பது நபிவழி. கடனை அடைக்கவும், மன்னிப்புக் கேட்கவும், மூன்றில் ஒரு பங்குக்குள் தர்மம் எழுதவும் அவருக்குத் தன் நிலை தெரிந்திருக்க வேண்டும். அன்போடு, அவர் கேட்கிற அளவுக்கு, அவர் தாங்குகிற வேகத்தில் சொல்லலாம். அடியோடு மறைத்துவிட்டால் அவருடைய கடைசிக் கடமைகளை நாமே பறித்தவர்களாவோம்.

தடை எங்கே இருக்கிறது?

இதுவரை பார்த்ததில் மார்க்கம் எங்கும் குறுக்கே நிற்கவில்லை. பிறகு ஏன் வலியோடு சாகிறார்கள்?

மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு உரிமத்தோடு அபின் செடி பயிராகிறது. நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசு ஆலைகள் இருக்கின்றன. ஆனால் 1985-இன் போதைப்பொருள் சட்டத்துக்குப் பின் உரிமங்களின் குவியலுக்கும் தண்டனைக்கும் அஞ்சிப் பல மருத்துவமனைகள் மார்ஃபின் வைத்திருப்பதையே நிறுத்தின. ஒரு தலைமுறை மருத்துவர்கள் அதைக் கையாளாமலே படித்து வெளிவந்தார்கள். 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு நாடு முழுவதற்கும் ஒரே எளிய நடைமுறை வந்தது. ஆனாலும் பழைய அச்சம் இன்னும் முழுதாக விலகவில்லை. லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2017-இல் வெளியிட்ட கணக்கின்படி இந்தியாவில் தேவையான வலிநீக்கி மார்ஃபினில் ஏறக்குறைய 4 விழுக்காடுதான் கிடைத்தது.

இதே நாட்டில், இதே சட்டத்தின் கீழ் கேரளம் வேறு வழியில் நடந்தது. 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர்கள் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் தோழர்களும் ஒரு சிறு அறையில் வலிதணிப்பு மையத்தைத் தொடங்கினார்கள். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அது மலப்புறத்தில் மக்கள் இயக்கமானது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மாவட்டம் அது. கடைக்காரர், ஆசிரியர், கல்லூரி மாணவர், இல்லத்தரசி என யாரெல்லாமோ சில நாள் பயிற்சி பெற்றுப் படுக்கையில் கிடப்பவர்களின் வீட்டுக்குப் போனார்கள். புண்ணைக் கழுவினார்கள், படுக்கையில் புரட்டிப் படுக்க வைத்தார்கள், அரிசி வாங்கிக் கொடுத்தார்கள். செலவு பெரும்பாலும் ஊர் மக்களின் சிறு சிறு நன்கொடையிலிருந்து வந்தது. நோயாளி எந்த மதம் என்று யாரும் பார்க்கவில்லை. 2008-இல் வலிதணிப்புக்கென்று தனிக் கொள்கை வகுத்த முதல் இந்திய மாநிலம் கேரளம். இன்றும் ஜனவரி 15 அங்கே வலிதணிப்பு நாள்.

மலப்புறத்தின் மத்ஹபும் ஷாஃபிதான். 16-ஆம் நூற்றாண்டில் பொன்னானி ஸைனுத்தீன் மக்தூம் எழுதிய ஃபத்ஹுல் முஈன் அங்கும் ஓதப்படுகிறது, தமிழகக் கடற்கரையின் ஷாஃபி மதரஸாக்களிலும் ஓதப்படுகிறது. கிதாபு ஒன்றுதான். அமைப்பு மட்டும் அவர்களிடம் இருக்கிறது, நம்மிடம் இல்லை.

மரக்காணம் தொடங்கலாம்

நம்மிடம் எதுவுமே இல்லை என்றும் சொல்லக் கூடாது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் வலிதணிப்புச் சேவையும் அடங்கும். மரக்காணத்திலிருந்து சுமார் 35 கிலோமீட்டரில் புதுச்சேரி ஜிப்மர் இருக்கிறது, அங்கே மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனால் எழுந்து உட்கார முடியாத ஒருவருக்கு 35 கிலோமீட்டர் என்பது கடல் கடந்த தூரம். மாத்திரை தீர்ந்த இரவில் அந்தத் தூரத்தை அவர் வலியால்தான் அளக்கிறார்.

அந்தத் தூரத்தை அடைக்க வேண்டியது ஊர். கடற்கரையோரம் பல ஊர்களில் பள்ளிவாசல் உண்டு, ஜமாஅத் உண்டு. ஜனாஸாவுக்கு சந்தூக்கும் குளிப்பாட்டும் பலகையும் கஃபன் துணியும் ஏற்பாடு செய்யத் தெரிந்தவர்கள் அதில் இருக்கிறார்கள். மய்யித்துக்கு இத்தனை கவனம் கொடுக்கத் தெரிந்த ஊருக்கு, இன்னும் மூச்சிருக்கும் மனிதருக்குக் கொடுக்கத் தெரியாமல் போகாது.

ஒரு காற்றுப் படுக்கை, ஒரு சக்கர நாற்காலி, ஒரு ஆக்சிஜன் கருவி ஆகியவற்றை ஜமாஅத் வாங்கி வைத்து, தேவைப்படும் வீட்டுக்கு இரவல் கொடுக்கலாம். ஏழை முஸ்லிம் நோயாளிக்கு மருந்து வாங்கித் தர ஸகாத் பொருந்தும். வண்டிச் செலவுக்கும், செவிலியர் ஊதியத்துக்கும், எந்த மதத்து நோயாளிக்கும் உதவுவதற்கும் ஸதகாவும் வக்பு வருமானமும் பொருந்தும். பாத்தியில் நிற்கிறவர் யாராக இருந்தாலும் வலி ஒன்றுதான். நான்கு பெண்களும் நான்கு ஆண்களும் பயிற்சி பெற்றால் ஊர் முழுவதையும் பார்த்துக்கொள்ளலாம்.

ஆலிம்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு ஜும்ஆ பயானை இதற்குக் கொடுங்கள். ஐயூப் நபியின் பொறுமையைச் சொல்லும்போது அவருடைய வலி நீக்கப்பட்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரை ஹராமில்லை என்ற ஒரே வாக்கியம், மிம்பரிலிருந்து ஒரே ஒருமுறை வந்தால், எத்தனையோ வீடுகளில் எத்தனையோ இரவுகள் தூக்கம் வரும்.

படுக்கையில் கிடக்கும் பெரியவர்களுக்கும் ஒரு சொல். உங்கள் பொறுமை மாத்திரையால் குறையாது. நோய், பிரிவு, இயலாமை, இவற்றை எல்லாம் நீங்கள் ஏற்கெனவே பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். நீக்கக்கூடிய வலியையும் சேர்த்துச் சுமக்கும்படி உங்கள் இறைவன் உங்களைக் கேட்கவில்லை. பிஸ்மில்லாஹ் சொல்லி அந்த மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள்.